பொட்டு வைத்த மீட்டர்

என்னை பம்ப் கம்பெனிக்கு அனுப்ப முடியாது என்று எங்கள் சார் ஆறு முறை சொன்னார். ஆறு முறையும் மரியாதையாகத்தான் சொன்னார். கோயமுத்தூரில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் சாத்துவார்கள். “அது நமக்குச் சரிப்பட்டு வராதுங்க.” “அங்கெல்லாம் ஒரே ஆயிலும் அழுக்குமா இருக்குமுங்க.” “நீங்க இங்கியே உக்காந்து எழுதுங்க, அவரு போய் மாட்டிப்போட்டு வந்துருவாருங்க.” இத்தனை ‘ங்க’வுக்கு நடுவில் ஒரு மனுஷி எப்படித்தான் கோபப்படுவது? நான் பட்டேன். ஏழாவது முறை கேட்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பீளமேட்டில் ஒரு கல்லூரிக்குப் பின்புறம், மாடியில் எங்கள் சார் நடத்திய ஆபீஸ். ஏழு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஓர் ஏசி அறை. மில்களுக்கும் மோட்டார் கம்பெனிகளுக்கும் விண்டோஸில் ஓடும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. பெண்கள் ஆபீசில் உட்கார்ந்து எழுதுவார்கள். ஆண்கள் அதை பிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு கம்பெனிகளுக்குப் போய் ஓட்டிக் காட்டுவார்கள். போகிறவருக்கு இன்ஜினியர் என்று பெயர். எழுதுகிற எங்களுக்கு ‘உள்ளே இருக்கற புள்ளைங்க’ என்று பெயர்.

அந்த வருடம் எனக்கு வந்த வேலை, பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த ஒரு பம்ப் கம்பெனியினுடையது. அங்கே தயாராகும் ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் என்று டெஸ்டிங் மேஸ்திரி மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கம்பெனி முதலாளிக்கு அந்த நோட்டு அலுத்துவிட்டது. வெளிநாட்டு டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கினார். மீட்டரிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்கு வரவேண்டும், எண்கள் யார் கையும் படாமல் திரையில் விழவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

கேட்பதற்கு அவ்வளவுதான். என் புரோகிராமை நான் எழுதலாம். ஆனால் கேபிள் வழியாகப் பேசும் பகுதி ஏற்கெனவே யாரோ எழுதி, மூடி, பிளாப்பியில் போட்டு விற்றது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மீட்டருக்குள் ஓடுவதை வேறு யாரோ, வேறு நாட்டில் எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி என்னிடம் இருந்தது டீலர் அனுப்பிய எட்டுப் பக்க ஜெராக்ஸ். இன்ன கேள்வி கேட்டால் மீட்டர் இன்ன பதில் சொல்லும் என்பது மட்டும் அதில் இருந்தது. இப்படி ஒன்றையொன்று பார்த்திராத மூன்றையும் நான் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் குடும்பம் நடத்தச் சொல்ல வேண்டும். அந்த மீட்டரை நானும் பார்த்ததில்லை. போட்டோகூடப் பார்க்காமல் பெண் கொடுத்த மாதிரிதான்.

அதனால் ஒரு பொய் மீட்டர் செய்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம். மீட்டர் சொல்ல வேண்டியதை அது சொல்லும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கேபிள். ஒரு மாதம் அவை இரண்டையும் பேச வைத்தேன். பொய் மீட்டரைத் தப்பும் தவறுமாகப் பேச வைத்தேன், பாதியில் வாயை மூட வைத்தேன், கேபிளைப் பிடுங்கினேன். எதற்கும் என் புரோகிராம் விழவில்லை. முதல் முறையாக ‘230.4’ என்ற எண் திரையில் தானாக வந்து உட்கார்ந்தபோது எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஏசி அறையில் கத்தக் கூடாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆடி முடிந்ததும் எங்கள் சைட் இன்ஜினியர் அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர், நல்ல சட்டை போடுவார், சிரித்த முகம். கம்ப்யூட்டரும் மீட்டரும் ஒரே வேகத்தில் பேசினால்தான் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியும். அந்த வேகத்தை மீட்டரின் முகப்பில் இருக்கும் பொத்தான்களை அமுக்கி வைக்க வேண்டும். எந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் செட் பண்ணியாச்சுங்க மேடம். ஜம்முன்னு ஓடுது. நீங்க எதுக்குங்க டென்ஷன் ஆவறீங்க?”

ஜம்மென்று ஓடியது உண்மைதான். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் ஒரு போன்கூட வரவில்லை. சார் அந்தக் கம்பெனியைப் பற்றி எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொன்னார். சொல்லும்போது இன்ஜினியரின் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் தீபாவளியைவிட அது பெரிய நாள். லேத்திலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்து, மறுநாள் வரை தொடாமல் விட்டுவிடுவோம். எங்கள் ஆபீசிலும் ஏழு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார்கள். வைத்தது நான்தான். அதற்கு மட்டும் இன்ஜினியர் தேவைப்படவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் காலை பம்ப் கம்பெனியிலிருந்து போன் வந்தது. திரையில் எண்ணுக்குப் பதிலாக கட்டம் கட்டமாகவும் கோடு கோடாகவும் என்னென்னவோ வருகிறதாம். இன்ஜினியர் போனார். கேபிளை மாற்றினார். மறுநாளும் போனார். விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். திரும்பி வந்து சாரின் அறைக்குள் பத்து நிமிடம் இருந்தார். கதவு திறந்தபோது தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

“புரோகிராம்ல மிஸ்டேக்குங்க” என்றார் சார் என்னிடம். “பரவால்லைங்க, எல்லாருக்கும் வாரதுதான். ஒண்ணு பண்ணுங்க. அந்த எண்ணு வாற எடத்துல, கையில அடிக்கற மாதிரி ஒரு பாக்ஸ் வெச்சுக் குடுத்துருங்க. மேஸ்திரி மீட்டரைப் பாத்து அடிச்சுக்கட்டும்.”

“அதுக்கு எதுக்குங்க சார் கம்ப்யூட்டர்? அவுருகிட்ட நோட்டு இருக்குதே.”

“கோவப்படாதீங்க.”

“போய்ப் பாக்காம மிஸ்டேக்குன்னு நான் எப்படிங்க ஒத்துக்கறது? என்னை ஒரு நாள் அனுப்புங்க.”

இது ஏழாவது முறை. கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள்கூட அப்படிச் சிரிப்பார்கள்; அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேச்சு கிடையாது. திங்கட்கிழமைக்குள் பாக்ஸ் வைத்துத் தராவிட்டால் அந்த வேலை இன்ஜினியர் கைக்குப் போகும் என்றும், நான் கீழ்த்தளத்தில் சார் புதிதாக ஆரம்பித்திருந்த கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லித்தரப் போகலாம் என்றும், அதே மரியாதையோடு சொன்னார். ஏசிகூட இருக்குமுங்க என்று வேறு சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். அழுகை வருத்தத்தில் வரவில்லை, ஆத்திரத்தில் வந்தது. என் புரோகிராமில் தப்பு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கிற உரிமை எனக்குத்தான் முதலில். இல்லாத தப்பை ஒத்துக்கொண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து கட்டிய இணைப்பை என் கையாலேயே அறுத்து, அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தை வைக்க என்னால் முடியாது. கீபோர்டு சொல்லித்தரவும் முடியாது.

சனிக்கிழமை காலை ஆபீசுக்கு போன் செய்து வயிற்று வலி என்றேன். ஒரு பெண் வயிற்று வலி என்றால் எந்த ஆணும் மேலே கேள்வி கேட்க மாட்டான். அந்த ஒரு சலுகை எங்களுக்கு உண்டு, அதை அன்று முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். சாப்பாட்டு டப்பா, இரண்டு பிளாப்பி, அந்த எட்டுப் பக்க ஜெராக்ஸ், வீட்டிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காந்திபுரம் போய், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங் அம்மணி, யாரைப் பாக்கோணுமுங்க?”

“டெஸ்டிங் மேஸ்திரியைங்க. கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து வாரேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பெயரை எழுதினார். ‘என்ன வேலை’ என்ற கட்டத்தில் என்னைக் கேட்காமலே ‘டைப்பிஸ்ட்’ என்று எழுதினார். சண்டை போட நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஆயிலும் அழுக்கும் இருந்தது. சார் சொன்னதில் அதுமட்டும் நிஜம். அவர் சொல்லாமல் விட்டது, வைண்டிங் பகுதியில் வரிசையாக உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த முப்பது பெண்களை. அத்தனை பேர் தினமும் வந்து போகிற இடத்துக்குத்தான் நான் ஒரு நாள் வரக்கூடாது என்றிருந்தார்கள்.

டெஸ்டிங் மேஸ்திரி நாற்பது வயதுக்காரர், காக்கிச் சட்டை, காதில் பென்சில். கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்திவிட்டுப் பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் புரோகிராம் எழுதியவள் என்றதும் எழுந்து நின்றார்.

“நீங்களுங்களா? அந்தத் தம்பி எழுதினதுன்னுல்ல சொன்னாப்பல?”

அப்போதுதான் அந்த மீட்டரை முதன்முதலாகப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி, சிவப்பு எண்கள், நாலே நாலு பொத்தான். எண்கள் சரியாகத்தான் ஓடின. கம்ப்யூட்டருக்குப் போகும் வழியில்தான் பாஷை கெட்டிருந்தது. மீட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பின்பக்கம் திருப்பினேன். கேபிள் செருகும் வாயிலும் ஒரு பொட்டு, சந்தனம் காய்ந்து ஒழுகியிருந்தது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு ஊசியாகத் துடைத்தேன். கேபிளை மாட்டினேன். புரோகிராமைத் திறந்தேன். கட்டம் கட்டமாகத்தான் வந்தது. இதற்குள் வைண்டிங் பெண்கள் நாலைந்து பேர் டீ நேரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவேளை தப்பு என்னுடையதுதானோ என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன், மறைப்பானேன். பொய் மீட்டரோடு மட்டும் பழகிய புரோகிராம் நிஜத்தைப் பார்த்ததும் விழுந்துவிட்டதோ?

ஆனால் இரண்டு மாதம் ஓடியிருக்கிறதே. ஓடியது ஏன் நின்றது? பூஜைக்கு முன் ஓடியது, பின் ஓடவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கரண்ட் போனாலும் மீட்டரும் கம்ப்யூட்டரும் அணையாமல் இருக்க ஒரு யு.பி.எஸ். வைத்திருந்தார்கள். அதற்கும் பொட்டு. ஸ்விட்சின் மேலேயே அழகாக வட்டமாக வைத்திருந்தார்கள்.

“இதையும் ஆஃப் பண்ணினீங்களாங்க?”

மேஸ்திரி பெண்களைப் பார்த்தார். அவர்கள் டீ கிளாஸைப் பார்த்தார்கள்.

“ஆஃப் பண்ணாம எப்படிங்க அம்மணி தொடைக்கறது?” என்றார் கடைசியில். “மாட்டினதுல இருந்து இதை அணைச்சதே இல்லைங்க. பூஜையன்னைக்குத்தானுங்க அணைச்சோம். ரெண்டு நாள் கெடந்துச்சு. அதனால கெட்டுப்போச்சோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயமுங்க. அந்தத் தம்பி கேக்கவே இல்லை. கேக்காதப்ப நாம எதுக்குச் சொல்லோணும்னு கம்முனு இருந்துபோட்டேன்.”

“மீட்டர் வந்த டப்பா இருக்குதுங்களா?”

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சந்தனம் குங்குமம் அந்த டப்பாவுக்கும் உண்டு. அடியில் ஒரு முழுப் புத்தகம், தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை பிரிக்கப்படவே இல்லை. மூன்று முறை வந்து போன இன்ஜினியர் அதைத் தொட்டே பார்க்கவில்லை. அந்த உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். பதினாறாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்: மாற்றிய அமைப்பைச் சேமிக்க நாலாவது பொத்தானை மூன்று நொடி அமுக்கிப் பிடிக்கவும். பிடிக்காவிட்டால் மின்சாரம் நின்றதும் மீட்டர் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும்.

இன்ஜினியர் புத்தகம் பார்க்காமல் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தே வேகத்தை வைத்தார், சேமிக்கவில்லை. இரண்டு மாதம் கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். காப்பாற்றியது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்துத் துடைக்கிற அந்த ஒரு நாளில் மீட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. என் புரோகிராம் ஒரு வேகத்தில் கேட்க, அது வேறு வேகத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வேகத்தை வைத்தேன். நாலாவது பொத்தானை அமுக்கிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினேன். சிவப்பு எண்கள் ஒரு முறை கண் சிமிட்டின. திரையில் 228.7 வந்து உட்கார்ந்தது, பிறகு 229.1. மேஸ்திரி கை எடுத்துக் கும்பிட்டார். என்னையா கம்ப்யூட்டரையா என்று தெரியவில்லை.

“இப்ப அந்த யு.பி.எஸ்.ஸை ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

“வேண்டாமுங்க அம்மணி, இப்பத்தான நல்லா வருது.”

நானே குனிந்து, பொட்டின் மேலேயே விரலை வைத்து அணைத்தேன். எல்லாம் இருண்டது. இருபது வரை எண்ணிவிட்டுப் போட்டேன். விண்டோஸ் மெதுவாக வந்தது. புரோகிராம் திறந்தது, எண்கள் வந்தன. வைண்டிங் பெண்களில் ஒருத்தி, “அப்ப மெஷின்ல கோளாறு இல்லீங்க, மனுஷங்கிட்டத்தான்” என்று சொல்லிவிட்டு டீ கிளாஸோடு போனாள்.

கேட்டில் வெளியேறும் நேரத்தை எழுத வாட்ச்மேன் நோட்டைத் திறந்தார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி ‘டைப்பிஸ்ட்’டை அடித்துவிட்டு ‘புரோகிராமர்’ என்று பெரிதாக எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “சரிங்க” என்றார்.

திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே பம்ப் கம்பெனி முதலாளி எங்கள் சாருக்கு போன் செய்து பாராட்டிவிட்டார். வயிற்று வலியைப் பற்றிச் சார் கேட்கவில்லை. சைட் ரிப்போர்ட் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

“காரணம்கற எடத்துல, ‘கேபிள் லூஸ்’னு எழுதிருங்க. கையெழுத்து அவரு போட்டுக்குவாரு.”

“கேபிள் லூஸ் இல்லீங்க சார். மீட்டர் செட்டிங்கைச் சேமிக்கலை. மேனுவலைப் பிரிக்கவே இல்லை.”

“எனக்குத் தெரியுதுங்க. ஆனா நீங்க நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிருவீங்க. அவரு இங்கதான இருந்து பொழைக்கோணும்?”

“நான் போறப்போ போறனுங்க. இந்த ரிப்போர்ட்ல பொய் எழுத மாட்டனுங்க.”

நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரைப் போட்டு, கையெழுத்தும் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டு, வேறொரு படிவத்தில் ‘கேபிள் லூஸ்’ என்று இன்ஜினியரிடம் எழுதி வாங்கி ஃபைலில் சேர்த்தார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கீபோர்டு சொல்லித்தர என்னை அனுப்பவில்லை. கம்பெனி முதலாளி இன்னொரு டெஸ்டிங் தொட்டிக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார், அதை எழுத ஆள் வேண்டுமே.

அதை எழுதும்போது, யாரும் கேட்காத ஒன்றைச் சேர்த்தேன். புரோகிராம் திறந்ததும் முதலில் மீட்டரைக் கூப்பிடும். பதில் புரியாவிட்டால் வேறு வேகங்களில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். எந்த வேகத்தில் பதில் வருகிறதோ அதே வேகத்தில், மீட்டரிடம் சரியான வேகத்துக்கு மாறி அதைச் சேமித்துக்கொள்ளச் சொல்லும். அதற்கான கட்டளை அந்தப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. பொத்தான் அமுக்க எந்த இன்ஜினியரும் போக வேண்டாம். ஃபைலில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், புரோகிராமுக்குள் நடந்தது நடந்தபடி இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அவர்கள் எல்லாவற்றையும் அணைத்தார்கள், துடைத்தார்கள், பொட்டு வைத்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. மத்தியானம் பம்ப் கம்பெனி வேன் டிரைவர் மாடியேறி வந்து ஒரு பெரிய காகிதப் பொட்டலத்தைச் சார் மேஜையில் வைத்தார். பொரி, கடலை, வெல்லம், நாலு வாழைப்பழம். வருடா வருடம் எல்லா வாடிக்கையாளர்களும் அனுப்புவதுதான். சார்தான் பிரித்து எல்லாருக்கும் கொடுப்பார். பிரிக்கப் போனவர் கை நின்றது. பொட்டலத்தின் மேல் மேஸ்திரியின் பென்சில் எழுத்தில் ‘புரோகிராமர் அம்மணிக்கு’ என்று எழுதியிருந்தது.

சார் அதை இரண்டு முறை படித்தார். இன்ஜினியரைப் பார்த்தார். அவர் பிரிண்டரைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்து, நூலை அவிழ்த்தேன். பூஜைப் பொரியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் தின்னக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஏசி அறையில் சாப்பிடக் கூடாது என்று சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தது. என்னோடு இருந்த மற்ற ‘உள்ளே இருக்கற புள்ளைங்க’ இரண்டு பேருக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். மிச்சத்தை அத்தனை பேர் பார்க்க, நொறுக் நொறுக்கென்று, கடைசிக் கடலை வரை நானே தின்றேன்.